பச்சைப் புள்ளி வீடு

என் கணவர் சிறிதரனுக்கு ஐரோப்பாவில் உள்ள கிழவர் கிழவிகள் மீது அளவில்லாத அக்கறை. முன்பின் பார்த்திராத அந்தச் சனம் வெயிலில் செத்துப்போகக் கூடாது என்று, ஆஸ்திரேலியாவில், மெல்பேர்னின் ஸ்பிரிங்வேலில் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நாலு வருடம் மூளையைக் கசக்கினார். நக்கலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கசக்கினார். 2009 ஜனவரியில் மெல்பேர்ன் மூன்று நாள் தொடர்ந்து நாற்பத்து மூன்றுக்கு மேல் கொதித்தது. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் அந்த ஒரு கிழமைக்குள், ஏழே நாளில், நாலு பேர் போனார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றைக்குத்தான் இவர் சொன்னார்.

"இஞ்சை பாரும் இராஜி. வெக்கை சனத்தைக் கொல்லேல்லை. ஆர் எங்கை தனிச்சுக் கிடக்கினம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாததுதான் கொல்லுது."

அதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, வெள்ளை நிறம். சுவரில் ஒட்டிவிட்டால் அறையின் சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளந்து அனுப்பும். கம்பியூட்டரில் நகரத்தின் வரைபடம் தெரியும், அதில் வீட்டுக்கு ஒரு புள்ளி. இருபத்தெட்டு வரை பச்சை, அதற்கு மேல் மஞ்சள், முப்பத்தைந்தைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பானால் அந்தத் தெருவுக்குப் பொறுப்பான ஒருவருக்கு ரெலிபோன் போகும். அவர் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். இவர் வேலை செய்த சின்னக் கம்பனி அதைக் கையில் எடுத்தது. எங்கள் ஊர் நகரசபையான கவுன்சிலும் அறுபது வீடுகளில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தது. எங்கள் வீடு முதலாம் இலக்கம். எங்கள் தெருவுக்குப் பொறுப்பான ஆளும் இவர்தான்.

பிறகு ஹொலண்டில் ஒரு துறைமுக நகரமும் ஸ்பெயினில் ஒரு நகரமும் இதில் ஆர்வம் காட்டின. ஸ்கைப்பில் அவர்களோடு பேசும்போது இவருடைய குரலே மாறிவிடும். 2003இல் பிரான்ஸில் பதினையாயிரம் பேர் வெக்கையில் செத்த கதையை ஒவ்வொரு முறையும் சொல்வார். பாரிஸில் கூரைக்கு நேர் கீழே, தகரம் கொதிக்கும் சின்ன அறைகளில், யாரும் எட்டிப் பார்க்காமல் கிடந்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கும். அந்தக் கண்ணீர் பொய்யில்லை. எனக்கு இன்றுவரை பொறுக்க முடியாத விஷயமே அதுதான்.

2012 டிசம்பரில் கோயில் நிர்வாகத்தில் இருந்து ஒருவர் கேட்டார். அகதியாகப் படகில் வந்து, கிறிஸ்மஸ் தீவு முகாமில் அடைபட்டிருந்து, வேலை செய்ய அனுமதியில்லாத விசாவோடு வெளியே விடப்பட்ட ஒருவருக்கு இரண்டு கிழமை தங்க இடம் வேண்டுமாம். பெயர் சிவலிங்கம், வயது நாற்பத்து நாலு, ஊர் முல்லைத்தீவுப் பக்கம். மனைவி யுவனேஸ்வரியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். இடது காலில் ஷெல் துண்டு இருந்ததால் கெந்திக் கெந்தித்தான் நடப்பார்.

எங்களுக்கு மூன்று அறை. ஒன்றில் நாங்கள், மற்றதில் இவருடைய கம்பியூட்டரும் வயர்களும். மூன்றாவது மகளுடையது. மகள் சிட்னியில் படித்துக்கொண்டிருந்தாள், வருடத்தில் மூன்று தடவை வருவாள். அவளுடைய கட்டிலில் ஒரு வெளி ஆளை எப்படிப் படுக்கவிடுவது என்று நான்தான் கேட்டேன். ஆகவே வளவின் பின்பக்கம் தனியாக நிற்கும், கார் விடும் கராஜை ஒதுக்கினோம். தகரச் சுவர், தகரக் கூரை, மேலே சுருட்டித் திறக்கும் தகரக் கதவு. ஒரு மெத்தை, ஒரு கதிரை, ஒரு மேசைவிசிறி வைத்தோம். வீட்டிலிருந்து புல்லுக்கு மேலால் ஒரு செம்மஞ்சள் வயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தோம். கக்கூசுக்கும் குளிக்கவும் அவர் வீட்டுக்குள் வரவேண்டும். அதற்காகப் பின்கதவைப் பூட்டாமல் விட்டோம்.

இரண்டு கிழமை மூன்று மாதமாயிற்று. சும்மாவும் வைத்திருக்கவில்லை, அவருக்கு அரசாங்கம் கொடுத்த உதவிப் பணத்தில் வாடகை வாங்கினோம். கராஜில் ஆளைக் குடிவைப்பது சட்டப்படி குற்றம் என்று இருவருக்கும் தெரியும். கோயிலில் மட்டும், "ஒரு பாவப்பட்ட சீவனை வீட்டிலை வைச்சுப் பாக்கிறம்" என்று சொல்லிக்கொண்டேன். கேட்டவர்கள் என் கையைப் பிடித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

சிவலிங்கம் இருப்பதே தெரியாது. புல்லு வெட்டுவார், வேலியைத் திருத்துவார், நாங்கள் கேட்காமலே குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிவிடுவார். வெக்கையான நாட்களில் லைப்ரரிக்குப் போய் மூடும்வரை இருந்துவிட்டு வருவார். பின்னேரங்களில் வேலிக்கரையில் நின்று மனைவியோடு ரெலிபோனில் கதைப்பார். அந்த நேரம் மட்டும் அவர் சிரிக்கிற சத்தம் நான் சமைத்துக்கொண்டு நிற்கும் குசினிவரை கேட்கும். இந்த மனுசனுக்கு என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கு என்று நினைத்திருக்கிறேன்.

பெப்ரவரியில் ஒரு நாள் நான் கேட்டேன். "உங்கடை பெட்டியிலை ஒண்டைக் கராஜுக்கையும் வைச்சுப் பாருங்கோவன்."

வைத்தார். மறுநாளே மத்தியானம் முதலாம் இலக்க வீடு சிவப்பாகி, இவருடைய ரெலிபோன் அடித்தது. போய்த் தட்டினார். சிவலிங்கம் லைப்ரரியில். அடுத்த நாளும் அடித்தது, அதற்கடுத்த நாளும் அடித்தது. இவர் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "பாத்தீரே? சொல்லி வைச்ச மாதிரி வேலை செய்யுது. நாற்பத்தாறு காட்டுது!" நாற்பத்தாறு என்ற எண்ணுக்குள் ஒரு ஆள் படுப்பதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

மார்ச்சில் ஐரோப்பாக்காரர் நேரில் வருவதாக முடிவாயிற்று. அதற்கு முந்திய கிழமை இவர் கராஜுக்குள் போய்ப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

"ஏனப்பா?"

"முதலாம் இலக்க வீடே சிவப்பெண்டால் அவங்கள் என்ன நினைப்பாங்கள்? கவுன்சில்காரி கரோலும் வாறாள். கராஜிலை ஏன் பெட்டி எண்டு கேப்பாள். என்ன சொல்லுறது?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து உரித்தேன். ஹோல் சுவரில், ஏசிக்கு எதிரே இருந்த பெட்டி மட்டும் மிஞ்சியது. வரைபடத்தில் எங்கள் வீடு பச்சையாயிற்று.

அந்த மார்ச் பலருக்கு நினைவிருக்கும். ஒன்பது நாள் ஒரு சொட்டுக் குளிர் இல்லை. அவர்கள் வந்தது ஒன்பதாம் நாள், இங்கே மார்ச்சில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. முப்பத்தாறைத் தொடும் என்று காலையில் ரேடியோ சொன்னது. பதினொரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பத்தரைக்கு லைப்ரரிக்குப் போய்விடுகிறேன் என்று சிவலிங்கமும் சொல்லியிருந்தார். ஆனால் பத்து மணிக்கே வாசலில் வான் வந்து நின்றது. வெள்ளைக்காரர் நேரத்துக்கு வருவார்கள் என்று தெரியும், ஒரு மணித்தியாலம் முந்தி வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? சிவலிங்கம் தோளில் பையோடு பின்வளவில் நின்றார். தெருவுக்குப் போவதென்றால் அவர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். குடியிருக்கிறவரோ, சொந்தக்காரரோ, யாரென்று சொல்வது? நான் பதறிப்போய் ஓடினேன்.

"தம்பி, உள்ளுக்கை போங்கோ. கதவை இழுத்துவிடுங்கோ. நான் வந்து தட்டுமட்டும் வெளியிலை வராதேங்கோ. ஒரு மணித்தியாலம்தான்."

"ஓம் அக்கா. நான் இருக்கிறதே தெரியாது."

இரண்டு போத்தல் தண்ணீரைக் கையில் திணித்தேன். தகரக் கதவு கடகடவென்று இறங்கியது. திரும்பி வரும்போது இவர் குனிந்து செம்மஞ்சள் வயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவால் பார்த்தால் பளிச்சென்று தெரியும் என்றார். விசிறி, என்றேன். ஒரு மணித்தியாலத்தில் என்ன ஆகப்போகிறது என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வந்தவர்கள் மூன்று பேர். ஹொலண்டிலிருந்து ஹன்னா என்று ஒரு உயரமான பெண், ஸ்பெயினிலிருந்து ஒரு தாடிக்காரர், கவுன்சில் கரோல். ஹோலில் இருபத்து மூன்று பாகை. இவர் மடிக்கணினியைத் திறந்து வரைபடத்தைக் காட்டினார். அந்த நேரம் மூன்று வீடுகள் மஞ்சளாகி, ஒன்று சிவப்பானது. அவர்கள் கண் முன்னாலேயே ஒரு தொண்டருக்கு ரெலிபோன் போய், அவர் தட்டி, எண்பது வயதுக் கிழவி ஒருத்தியைப் பக்கத்து வீட்டு ஏசிக்குக் கூட்டிப்போனதாகத் தகவல் வந்தது. தாடிக்காரர் கை தட்டினார். நானும் தட்டினேன். வேலை செய்கிற சாமான்தான். குறை சாமானில் இல்லை.

பதினொன்றுக்கு ஹன்னா எழுந்தாள். அடுத்த வீட்டைப் பார்க்கப் புறப்படுகிறோம் என்றாள். விட்டிருந்தால் போயிருப்பார்கள். நான் விடவில்லை.

விடிய ஐந்து மணிக்கு எழும்பிச் சமைத்திருக்கிறேன். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், சொதி, பாயாசம். வீடு தேடி வந்தவர்கள் வெறும் வடையோடு போனால் நான் என்ன மனுசி? கரோல் நேரமில்லை என்றாள். நான் பாதையை மறித்துக்கொண்டு நின்றேன், உண்மையாகவே கையை விரித்து மறித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த வீட்டுப் பயணத்தைக் கரோல் ரெலிபோனில் தள்ளிவைத்தாள். புட்டை மட்டும் சுடச்சுடக் கொடுக்க அவிக்காமல் வைத்திருந்தேன், அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஸ்பெயின்காரர் கோப்பி கேட்டார், அதற்குக் கொஞ்ச நேரம். மேசையில் உட்காரும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டே ஹன்னா ஒரு கேள்வி கேட்டாள். "உங்கள் பட்டியலில் இல்லாதவர்களை இந்தப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்? எங்கள் ஊரில் துறைமுகத்துக்கு வேலை தேடி வந்து, எந்தப் பதிவும் இல்லாமல், களஞ்சிய அறைகளில் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புள்ளியே கிடையாதே?"

இவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அதற்குத்தான் அயலவர்கள். எங்கள் தமிழ்ச் சமூகத்தில் யாரையும் தனியாக விடமாட்டோம்" என்றார். நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். ஹன்னா அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினாள். பிறகு கண்ணாடிக் கதவால் வெளியே பார்த்து, அது என்ன கட்டடம் என்று கேட்டாள்.

"பழைய சாமான்கள்" என்றார் இவர்.

ஒரு தட்டில் கொஞ்சம் புட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று எனக்குத் தோன்றியது. எழுந்தும் விட்டேன். இவர் என்னைப் பார்த்த பார்வையில் திரும்ப உட்கார்ந்தேன். பின்வளவுக்குத் தட்டோடு போகிறவளை மூன்று பேரும் பார்ப்பார்கள்தானே. அதற்குப் பதிலாக ஹன்னாவின் தட்டில் இன்னும் இரண்டு கரண்டி கறி விட்டேன்.

அதற்குப் பிறகு நான் அவரை மறந்துபோனேன். மறக்கவில்லை, உள்ளுக்குள் துடித்துக்கொண்டேயிருந்தேன் என்று எழுதினால் கொஞ்சம் நல்லவளாகத் தெரிவேன். ஹன்னா கறிக்கு என்னென்ன போட்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். தன் தாய்க்குச் செய்து கொடுக்கப் போகிறாளாம். அந்தப் பெருமைப் புளுகத்தில் மறந்துபோனேன். அவர்கள் வானில் ஏறும்போது இரண்டேகால் மணி.

நான்தான் போய்த் தட்டினேன். சத்தமில்லை. மறுபடியும் தட்டி, கதவைத் தூக்கினேன். உள்ளிருந்து வந்த சூடு முகத்தைச் சுட்டது. சிவலிங்கம் மெத்தையில் இல்லை. சீமெந்துத் தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தார். தரை கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும் என்று இறங்கியிருக்க வேண்டும். தொட்டேன். தோல் நெருப்பாய்க் கொதித்தது, ஒரு துளி வியர்வை இல்லை. முதியோர் இல்லத்தில் எனக்குப் படிப்பித்த அடையாளம் அது. ஈரத் துணி போட்டேன், குழாயைப் பிடித்தேன், கத்தினேன். அம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் வந்தது.

நான் கொடுத்த போத்தல்களில் ஒன்று மூடி திறக்கப்படவே இல்லை. மற்றதில் இரண்டு மிடறு குறைந்திருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று அம்புலன்ஸ்காரப் பெண் கேட்டாள். தெரியாது என்று சொன்னேன். எனக்குத் தெரியும். குடித்தால் கக்கூசுக்கு வரவேண்டும். கக்கூசு வீட்டுக்குள் இருக்கிறது. வீட்டுக்குள் நான் விருந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காற்று மாறியது, ஊர் முழுக்கக் குளிர்ந்தது. அன்று காலை ஆஸ்பத்திரியில் சிவலிங்கம் இறந்தார்.

பொலிஸ்காரர் இரண்டு பேர் வந்து கேட்டார்கள். தெரிந்தவர், வந்துபோகிறவர், கராஜில் ஏதோ சாமான் தேடப் போனவர் என்று இவர் சொன்னார். மெத்தை அதற்குள் மகளின் கட்டிலுக்குக் கீழே போயிருந்தது. என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். அவர்கள் போனபிறகு இவர் மடிக்கணினியில் அன்றைய பதிவைத் திறந்து பார்த்தார். "நாள் முழுக்கப் பச்சைதான்" என்றார். ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார். முதல் தடவையாக எனக்கு அவரைக் கன்னத்தைப் பொத்தி அறையவேண்டும் போலிருந்தது. அறைய என்ன தகுதி எனக்கு?

ஸ்பிரிங்வேல் மயானத்தில் எரித்தோம். கோயிலில் இருந்து நாற்பது பேர் வந்தார்கள். நீங்கள் இல்லாவிட்டால் அநாதையாய்ப் போயிருப்பார் என்று என் கையைப் பிடித்தார்கள். மூன்றாம் கிழமை ஹொலண்டிலிருந்து கடிதம் வந்தது. நானூறு வீடுகளுக்குப் பெட்டி வாங்குகிறார்கள். ஹன்னா எனக்குத் தனியாக நாலு வரி எழுதியிருந்தாள். கறி நன்றாக வந்ததாம். உங்கள் கணவர் அன்று சொன்ன பதிலை நகரசபையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன் என்றும் எழுதியிருந்தாள். இவர் அந்தக் கடிதத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினார். நான் வாசிக்காமல் திருப்பிக் கொடுத்தேன். பிறகு களவாக எடுத்து வாசித்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த அடுத்த நாள் காலை ரெலிபோன் அடித்தது.

"அக்கா, நான் யுவனேஸ்வரி கதைக்கிறன். சிவலிங்கத்தின்ரை மனிசி."

அவளே தொடர்ந்து பேசினாள்.

"உங்களுக்கு நன்றி சொல்லத்தான் எடுத்தனான். நீங்கள் செய்ததைச் செத்தாலும் மறக்கமாட்டம். அவர் ஒவ்வொரு நாளும் சொல்லுவார். மகளின்ரை அறையைத் தந்திருக்கினம், ஏசி பூட்டின அறை, குளிருக்குப் போர்த்துக்கொண்டு படுக்கிறன் எண்டு. சின்னவள் அதைக் கேட்டுட்டு, அப்பா வெள்ளைக்காரனாய் மாறிட்டார் எண்டு சிரிப்பாள். அவரும் சிரிப்பார்."

"தங்கச்சி..."

"ஒண்டு கேக்கட்டே அக்கா. பிழையா நினைக்காதேங்கோ. இஞ்சை சனமெல்லாம் கேக்குது, எனக்குச் சொல்லத் தெரியேல்லை. அந்த அறைக்கை இருந்த மனிசனுக்கு எப்பிடி அக்கா வெக்கை அடிச்சது?"

இவர் குசினி வாசலில் நின்றார். அவளுடைய குரல் அவருக்கும் கேட்டிருக்கும். வேண்டாம் என்று கையை ஆட்டினார். சாமான் எடுக்கப் போனவர் என்று சொல்லச் சொல்லி வாயசைத்தார். பொலிஸுக்கு ஆட்டிய தலையை இவளுக்கும் ஆட்டியிருக்கலாம். ரெலிபோனில் தலையாட்ட முடியாது, வாயைத் திறந்து சொல்லவேண்டும்.

"அறை தரேல்லை தங்கச்சி" என்றேன். "வளவுக்குப் பின்னாலை ஒரு தகரக் கொட்டில் இருக்கு, கார் விடுறதுக்குக் கட்டினது. மூண்டு மாதமும் அதுக்குள்ளைதான் படுத்தவர். அண்டைக்கு வீட்டுக்கு ஆக்கள் வந்தவை. கதவை மூடிக்கொண்டு உள்ளுக்கை இருங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அவையைச் சாப்பிட்டுப் போங்கோ எண்டு மறிச்சதும் நான்தான்."

இவர் கதிரையில் உட்கார்ந்தார். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் திட்டவில்லை. விளங்காத ஒன்றை விளங்கிக்கொள்ளப் பார்க்கிற குரலில், மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப காரை எங்கை அக்கா விட்டனீங்கள்?"

"முன்வளவிலை" என்றேன். "மரநிழலிலை."